தாடை முறிவு

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால் ஆறாவது ஷெட்.
ஆகஸ்ட். இரவு இரண்டே கால்.
வெளியே காற்றைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும்.
உள்ளே இருபத்துமூன்று டிகிரி,
எனக்காக இல்லை, பிளாஸ்டிக்குக்காக.

மேல் தாடை. கீழ்த் தாடை.
நடுவில் பதினைந்து மில்லிமீட்டர் அகலத்தில்
பசுமைக்குடில் படலத்தின் ஒரு கீற்று.
பெடலை மிதித்தால் மேலது கவ்வும்.
தொங்கவிட்டு, சுருக்கம் பார்த்து,
விரலை எடுத்தாயிற்றா என்று
விரலையே பார்த்து உறுதிசெய்கிறேன், ஒவ்வொரு முறையும்.
ஆறு பார் காற்றுக்கு
நகம் எது, படலம் எது என்று தெரியாது.
மறுபடி பெடல். கீழது கவ்வும்.
ட்ச்.

முதல் கீற்று நழுவியது.
திரையில் ஏற வேண்டிய கோடு
ரம்பப் பல்லாய்ச் சறுக்கியது.
ரெகுலேட்டரை அரைச்சுற்று கூட்டினேன்.
அடுத்தது தாடை விளிம்பிலேயே அறுந்தது.
குறைத்தேன். நழுவல்.
கூட்டினேன். விளிம்பு.
ரப்பர் முகங்களை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
நழுவல்.

விளிம்பில் அறுந்தால்
அது படலத்தின் வலுவில்லை, பிடித்த பிடியின் கோளாறு.
ஏட்டில் எழுத வேண்டியது இரண்டே சொல்:
தாடை முறிவு.
எண் கிடையாது.

சாக்கோ சார் ஃபோனில்.
மூன்று லாரி, என்ஜின் அணைக்காமல் நிற்கிறதாம்.
"நானூறு சதவீதம் நீண்டாப் போதும், ஹவ்வா.
ஒண்ணு நானூத்தி எண்பது காட்டுச்சுல்ல?"
"அது நழுவினது சார்."
"மெஷின் நீளம்னுதானே சொல்லுது?"
சொல்கிறதுதான். தாடையிலிருந்து உருவிக்கொண்டு வருவதையும்
நீட்சி என்றே கணக்கில் சேர்க்கிறது, பாவம்.
ரெகுலேட்டருக்கு ஒரு முள் உண்டு,
எத்தனை பார் என்று காட்ட.
அவர் குரலுக்கு இல்லை.

ஒரு வெள்ளைத்தாள், ஒரு கார்பன் தாள்.
இரண்டையும் வைத்துக் கவ்வவிட்டேன்.
எடுத்துப் பார்த்தால்
இடப்பக்கம் மை போல் கறுப்பு,
வலப்பக்கம் யாரோ மூச்சுவிட்டது போல் ஒரு சாம்பல்.
வால்வை மூடி, மீதிக் காற்றை வெளியேற்றி,
முள் பூஜ்ஜியத்தில் படுத்த பிறகே கைவைத்தேன்.
முகத்தகட்டின் ஒரு திருகு, விரலாலேயே சுழன்றது.

ஆனாலும் இடது பிஸ்டன் சோம்பலாய்த்தான் நகர்ந்தது.
சுவரோரம் ஃபில்டர் கிண்ணம்.
கண்ணாடிக்குள் கழுத்துவரை தண்ணீர்.
இத்தனை நாளும் இதன் வழியாகத்தான்
காற்று நீந்தி வந்திருக்கிறது.

கம்ப்ரஸர் அறையில் மொஃபிசுல்
பனியனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.
"டிரையர் டிரிப், தீதி. வியாழன்லேர்ந்து.
எழுதிக் கொடுத்தேன்."
யாரிடம் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தான்.
கட்டஞ்சாயா நிறத்தில் கொட்டியது,
கொட்டிக்கொண்டே இருந்தது,
பிறகு துப்பியது, பிறகு வெறும் சீறல்.

பிஸ்டனின் ஓ-ரிங் ஊறி உப்பியிருந்தது.
டிராயரில் ஒன்றே ஒன்று பாக்கி.
கிரீஸ் தடவி ஏற்றினேன்.
மறுபடி கார்பன் தாள்:
ஓரம் முதல் ஓரம் வரை ஒரே கறுப்பு.

நாலே முக்கால்.
ஐந்து கீற்றுகள், ஒன்றன்பின் ஒன்றாக.
ஒன்றுகூட நழுவவில்லை.
நடுவில் வெளுத்து, இடை மெலிந்து, நூலாகி,
தாடைகளுக்குச் சரிபாதியில் அறுந்தன.
இந்த மெஷினில் இவ்வளவு சுத்தமான முறிவை
நான் பார்த்ததில்லை.
சராசரி முந்நூற்றெழுபத்தொன்று.

சாக்கோ சார் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவர் பக்கத்தில் லாரிகளின் உறுமல் மட்டும் கேட்டது.
பிறகு அதுவும் ஒவ்வொன்றாக நின்றது.

மொஃபிசுல் கதவை இரண்டு தட்டு தட்டி
தலையை நீட்டினான்.
"மெஷின் ஓகே, தீதி?"
பெடலை மிதித்தேன். தாடைகள் திறந்தன.
ஓகே, என்றேன்.
மெஷின்.